கங்காணி இல்லாத இடம்

பதுளையில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் மலை. ரயில் நின்று, எல்லோரும் பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்தே இருந்தேன். இறங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனால் கயலைப் பார்க்க வேண்டும். இரண்டு நாளாக ஓடி வந்தவனுக்குக் கடைசி ஒரு மைல் போகக் கால் வரவில்லை.

கயல் என் ஒரே மகள். இருபத்தைந்து வயது. திருச்சியில் படித்துவிட்டு மூளை ஆராய்ச்சிக்காக இலங்கைக்குப் போனவள். ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் வயதானவர்களிடம் ரத்த மாதிரி எடுப்பது அவள் வேலை. மழையில் நனைந்த கல்படியில் வழுக்கி விழுந்து தலையில் அடி என்று அவளுடன் வேலை செய்பவர் போனில் சொன்னார். "நினைவு இருக்கு சார். ஆனா நீங்க வந்தா நல்லது" என்றார். அந்த 'ஆனா'வைத்தான் இரண்டு விமான நிலையங்களிலும் சுமந்துகொண்டு நடந்தேன். மனைவி சாந்திக்குப் பாஸ்போர்ட் இல்லை. வாசலில் நின்று, "அவ குரலைக் கேட்டதும் உடனே எனக்குப் போன் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ரயிலில் எனக்கு எதிரே ஒரு சிங்கள அம்மாள். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவருக்குப் புரியவில்லை. நான் தலையைத் தொட்டுக் காட்டி, "மகள், பதுளை" என்றேன். பிறகு வடை விற்க வந்தவரிடம் இரண்டு பொட்டலம் வாங்கி ஒன்றை என் மடியில் வைத்தார். பள்ளிக்கூட நோட்டுத் தாளில் சுருட்டிய பொட்டலம். ஏதோ ஒரு குழந்தை எழுதிய சிங்கள எழுத்துகளின் மேல் எண்ணெய் படர்ந்திருந்தது. எங்கள் ஊர்ப் பருப்பு வடைதான், ஆனால் மேலே ஒரு இறாலை முழுசாக அழுத்தியிருந்தார்கள். சைவக்காரனான நான் அதை எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்றேன். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதுளையில் இறங்காமல் இருந்த என்னைத் தோளில் தட்டி எழுப்பி, ஆட்டோவில் ஏற்றிவிட்டதும் அவர்தான்.

ஆஸ்பத்திரி வார்டை அங்கே வாட்டு என்கிறார்கள். வாட்டில் பார்வையாளர் நேரம் நண்பகல் பன்னிரண்டு முதல் ஒன்று வரை, மறுபடி மாலை ஐந்து முதல் ஆறு வரை. நான் போனது ஐந்தேகாலுக்கு. ஜன்னல் பக்கக் கட்டில். கயலின் ஒரு கண்ணைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது.

"அப்பா" என்றாள்.

அடையாளம் தெரிகிறது. எனக்கு மூச்சு வந்தது. சாப்பிட்டாயா என்றேன். "ம்." வலிக்கிறதா? "கொஞ்சம்." அம்மா விசாரிச்சாங்க. "ம்." அவ்வளவுதான். கேள்விக்குப் பதில் வருகிறது, பிறகு அவள் பார்வை ஜன்னலுக்குப் போய்விடுகிறது. திருச்சியில் இருந்தபோது ஒரு கேள்வி கேட்டால் பத்து கேள்வியாகத் திருப்பித் தருகிற பெண். ஒரு சுவிட்சைப் போட்டால் எரியும், அணைத்தால் அணையும் என்பதுபோல ஆகியிருந்தாள். குரலைக் கேட்டேன்தான். ஆனால் சாந்திக்குப் போன் செய்ய மனம் வரவில்லை. நல்லா இருக்கா என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் போனை அணைத்தேன்.

மறுநாள் காலை மருத்துவரைப் பார்த்தேன். சிங்களவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். "ரத்தக் கசிவு சின்னது. அறுவை தேவைப்படாது. அது நல்ல செய்தி. விழுவதற்கு முந்தைய சில வாரங்கள் அவருக்கு இப்போது நினைவில் இல்லை. அது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்." பிறகு கொஞ்சம் தயங்கினார். "நான் கவனிப்பது வேறொன்று. பதில் சொல்கிறார். தானாக எதையும் தொடங்குவதில்லை. தொடங்கட்டும், காத்திருப்போம்."

எவ்வளவு நாள் என்று கேட்டேன். உங்களைப் போலவே நானும் காத்திருக்கிறேன் என்றார். அந்த நேர்மை பிடித்திருந்தது. அந்த நேர்மையே பயமாகவும் இருந்தது.

நான் தங்கிய அறை கடைவீதியில், ஒரு முஸ்லிம் பெரியவரின் மளிகைக் கடைக்கு மேலே. எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன் என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். காலையில் இடியாப்பமும் சொதியும் அவர் வீட்டிலிருந்தே வந்தன. எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். இங்கே தேங்காய்ப்பாலில் குழம்பாக வைத்த சொதியும் உறைப்பான தேங்காய்ச் சம்பலும். காசு கொடுக்கப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மகளுக்கு எப்படி இரிக்கி?"

சொன்னேன்.

"பேசாம இரிக்கிற புள்ளைக்கிட்ட நீங்களும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டுப் போனா என்னத்துக்குப் பேசும்? நல்ல சட்டையப் போட்டுட்டுப் போங்க" என்றார். மூன்று நாளாக ஒரே சட்டையில் இருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நல்ல சட்டையோடு நண்பகலில் போனேன். கயலுடன் வேலை செய்பவர் அவளுடைய குறிப்பேட்டை என்னிடம் கொடுத்திருந்தார். அதைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். பக்கத்துக்குப் பக்கம் அவள் கையெழுத்து, அவள் வரைந்த வட்டங்கள். வெகுநேரம் பார்த்தாள்.

"யார் எழுதினது?" என்றாள்.

குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். இதை எழுதும்போதும் அந்த இரண்டு வார்த்தைகளுக்குக் கை கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறது.

அன்று மதியம் முழுவதும் நானாவின் கடை மாடியில் அந்தக் குறிப்பேட்டைப் படித்தேன். நான் பொதுப்பணித் துறையில் வரைவாளர். முப்பது வருஷமாக வாய்க்கால், மதகு, கால்வாய்க் குறுக்குவெட்டு என்று வரைந்துகொண்டிருப்பவன். மூளையையும் ஒரு வாய்க்கால் வலையாகத்தான் நினைத்திருந்தேன். நரம்பில் மின்சாரம் ஓடுகிறது, முனையில் ஒரு துளி ரசாயனம் சிந்துகிறது, அடுத்த நரம்பு அதை வாங்கிக்கொள்கிறது. பள்ளியில் அவ்வளவுதான் சொல்லித் தந்தார்கள்.

அது போக இன்னொரு தபாலும் இருக்கிறது என்று கயல் எழுதியிருந்தாள். மூளைச் செல் தன் சவ்வாலேயே மிக மிகச் சின்னப் பைகளைச் செய்து வெளியே விடுகிறதாம். சாதாரண உருப்பெருக்கியில்கூடத் தெரியாத சிறுமை. நுண்பை என்று தமிழில் பெயர் வைத்து, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். பைக்குள் புரதம், கொழுப்பு, அவற்றோடு ஆர்.என்.ஏ. அதாவது செல்லின் மரபுச் சேமிப்பிலிருந்து எடுத்த நகல்கள். மூலம் வீட்டிலேயே இருக்கும், நகல்தான் பயணம் போகும். இன்னொரு செல் அந்தப் பையை உள்ளே எடுத்துக்கொண்டால், நகலில் இருப்பது அதன் போக்கையே மாற்றலாம். இந்தப் புரதத்தைச் செய், அந்தப் புரதத்தைக் குறை என்பதுபோல. நரம்புச் செல்லுக்குப் பக்கத்தில் இருந்து பராமரிக்கும் செல்களும் இப்படி அனுப்புகின்றன, வாங்குகின்றன. சில பைகள் ரத்தத்துக்கும் வந்துவிடுகின்றன. மண்டையைத் திறக்காமல், கையில் எடுத்த ரத்தத்திலிருந்து மூளை அனுப்பியதைப் படிக்க முடியுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் இருந்தது: "காயம்பட்ட செல்லும் அனுப்பும். உதவி கேட்கவா? சேதத்தைப் பரப்பவா? இரண்டும் இருக்கலாம். இன்னும் தெரியாது."

அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. இந்த நிமிஷம் அவள் தலைக்குள் அடிபட்ட செல்கள் அக்கம்பக்கத்துக்கு எதையோ அனுப்பிக்கொண்டிருக்கின்றன. என்ன அனுப்புகின்றன என்று உலகத்தில் யாருக்காவது தெரிந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். அவளோ யார் எழுதினது என்று கேட்கிறாள்.

மூன்றாம் நாள் தோட்டத்துக்குக் கிளம்பினேன். அங்கே அவள் தங்கியிருந்த அறையில் அவள் துணிமணி இருந்தது. பரமேஸ்வரி என்ற அம்மாளிடம் சாவி இருப்பதாகச் சொன்னார்கள். பஸ்ஸில் இடம் கிடைத்தது, ஜன்னலில் குளிர்காற்று. திருச்சியில் இந்த மாதத்தில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாது. நடத்துநரிடம் இடத்தின் பெயரைச் சொன்னேன், தலையை ஆட்டினார். நாலு நாள் தூக்கமில்லாத உடம்பு. கண் விழித்தபோது பஸ் நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, எல்ல என்ற சுற்றுலா ஊரில் நின்றது.

தெருவெல்லாம் வெள்ளைக்காரர்கள். முதுகில் பை, கையில் செவ்விளநீர், முகத்தில் வெயில். "இவ்வளவு அமைதியான இடத்தை நான் பார்த்ததே இல்லை" என்று ஒரு பெண் தன் துணையிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனாள். பின்னாலேயே மூன்று ஆட்டோக்கள் ஒலிப்பானை அழுத்தின. நடத்துநர் என்னைக் கண்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை என்று சைகையில் காட்டினார். எதிரே வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, அந்த நடத்துநரிடம் நீளமாக ஏதோ சொல்லி என்னை ஒப்படைத்தார். அடுத்த அரைமணி நேரம் அந்த ஆள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பி, நான் விழித்திருக்கிறேனா என்று பார்த்தார்.

பரமேஸ்வரிக்கு அறுபதுக்குப் பக்கம் இருக்கும். இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மிஸ்ஸோட அப்பாவா? மூக்கைப் பாத்தாலே தெரியுது. உள்ள வாங்கய்யா. திருச்சியில எந்தப் பக்கம்? எங்காளுக தொறையூர்ப் பக்கம்னு சொல்லிக்குவாங்க. நாங்க யாரும் பாத்ததில்ல."

ஒற்றை அறை, சுவர் முழுக்க நாட்காட்டிகள். கோதுமை மாவு ரொட்டி, காய்ந்த மிளகாயும் தேங்காயும் இடித்த சம்பல், சாயத் தண்ணீர் என்று அங்கே சொல்லும் பால் இல்லாத தேநீர். உலகத்துக்கே தேயிலை அனுப்பும் மலையில் அந்தத் தேநீர் வெறும் தூசித்தூளில் போட்டதாகத்தான் இருந்தது. "நல்ல தூளெல்லாம் கப்பலேறிப் போயிடும். எங்களுக்குக் கூட்டி அள்ளினது" என்று சிரித்தார்.

கயல் விழுந்த படியைக் காட்டினார். பதினைந்து படி, பாசி. "ரத்தக் குப்பி இருந்த பெட்டியைக் கையில வெச்சிருந்தாங்க. அதைப் போட்டிருந்தா ஊனிப் பிடிச்சிருக்கலாம். போடல. நாங்க இடுப்புல கட்டியிருந்த படங்கை அவுத்து ரெண்டு கம்புல கட்டி, நாலு பேரு ரோட்டு வரைக்கும் தூக்கினோம்." இடுப்பில் சுற்றியிருந்த தடித்த சாக்குத்துணியைத் தொட்டுக் காட்டினார். அது இன்னும் ஈரமாக இருந்தது.

கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அட, என்னங்கய்யா இது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மொதல்ல எங்க யாருக்கும் ரத்தம் குடுக்க இஷ்டமில்ல. எதுக்குன்னு கேட்டோம். அந்தப் புள்ள ஒரு நாள் பூரா ஒக்காந்து சொல்லுச்சு, மண்டைக்குள்ள பையில சங்கதி போற கதையை. மத்தவங்க வந்தா கையை நீட்டுன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான். புரியிற வரைக்கும் சொன்னது இது ஒண்ணுதான். நாளைக்கு ஞாயித்துக்கெழமை, வேலை இல்ல. நான் வாறேன்."

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வாட்டின் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே வந்தவர் பரமேஸ்வரி. மஞ்சள் சேலை, கையில் தூக்குப் பாத்திரம்.

"மிஸ், என்னைத் தெரியுதா?"

"தெரியும்" என்றாள் கயல்.

"யாருன்னு சொல்லுங்க பாப்போம்."

பார்வை ஜன்னலுக்குப் போனது. தெரியும் என்று அவள் எல்லோரிடமும்தான் சொல்கிறாள். பரமேஸ்வரியின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்தார். பக்கத்துக் கட்டிலில் கை முறிந்த ஒரு தோட்டத்து அம்மாள் இருந்தார். அவருக்கு ஒரு ரொட்டியை நீட்டியபடி பேச்சைத் தொடங்கினார். வருத்தத்தை மறைக்கப் பேசுகிறார் என்று எனக்குப் பட்டது.

"இந்த மிஸ் சும்மா ஆளு இல்ல தெரியுமா? நம்ம மண்டைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க கோடி கோடியா இருக்காம். அதுங்க ஒண்ணுக்கொண்ணு சின்னச் சின்னப் பையில சங்கதி அனுப்புமாம்."

"பையில என்னாத்த எழுதி அனுப்பும்?" என்றார் கை முறிந்தவர்.

"எழுத்து இல்ல. இன்ன வேலையை இப்படிச் செய்யின்னு ஒரு நகலு. அது எப்படின்னா, விடிஞ்சதும் ஒவ்வொரு செல்லும் பையைக் கட்டிக் கொண்டாந்து தலைமைச் செல்லுக்கிட்ட குடுக்கும். அது நிறுத்துப் பாக்கும். சரியில்லாட்டித் திருப்பி விட்டுடும். சரின்னா, இது மேல் மலைக்கு, இது கீழ் மலைக்குன்னு பிரிச்சு அனுப்பும். நம்ம காலைப் பெரட்டுல கங்காணி பேரு கூப்பிட்டு வேலை பிரிக்கிறாருல்ல, அதே மாதிரிதான்."

"அப்படித்தானே இருக்கணும். கேக்க ஆளில்லாட்டி யாரு வேலை செய்வா?"

நானும் தலையாட்டினேன். தலைமதகு இல்லாமல் எந்தக் கால்வாய் ஓடும்?

"இல்ல" என்றது ஒரு குரல்.

கயல்தான். தலையணையிலிருந்து தலையைத் தூக்கியிருந்தாள். குரல் கரகரத்தது.

"தலைமைச் செல் கிடையாது. நான் அப்படிச் சொல்லல."

பரமேஸ்வரி வாயில் ரொட்டியோடு திரும்பினார். "சொன்னீங்களே மிஸ்?"

"சொல்லல. பரமேசம்மா, நீங்களா சேத்துக்கிட்டீங்க."

பரமேசம்மா. அந்தப் பெயரை அவளிடம் யாரும் நினைவூட்டவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பரமேஸ்வரியின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவர் வாதத்தை விடுகிறவர் இல்லை.

"கங்காணி இல்லாம எப்படி மிஸ்? எந்தப் பை எங்க போகணும்னு யாரு பாப்பா?"

"யாரும் பாக்க மாட்டாங்க. எந்தச் செல்லும் அனுப்பும். வேற ஒண்ணு எடுத்துக்கும். எல்லாப் பையையும் எடுக்காது. பையோட மேல் தோல்ல அடையாளம் இருக்கும். அது பொருந்தினா..." நிறுத்தி மூச்சு வாங்கினாள். நான் தண்ணீரை நீட்டினேன், கையால் ஒதுக்கினாள். "பொருந்தினா எடுத்துக்கும். எப்படித் தேர்ந்தெடுக்குதுன்னு இன்னும் முழுசாத் தெரியாது."

"அடையாளம் வெச்சது யாரு?"

"அனுப்புற செல்லே."

"அப்ப அதுதான் கங்காணி!"

"அப்படிப் பாத்தா எல்லாமே கங்காணிதான்."

"எல்லாரும் கங்காணின்னா கொழுந்து யாரு எடுக்கிறது?" என்றார் கை முறிந்தவர். வாட்டே சிரித்தது. தமிழ் புரியாத ஒரு சிங்களப் பெண்ணும் சிரித்தாள்.

"எல்லாருந்தான்" என்றாள் கயல். சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, திருச்சியில் என்னோடு சண்டை பிடிக்கிறபோது வருமே, அந்த முகத்தோடு இருந்தாள். "ஒரே செல் அனுப்பும், வாங்கும், வேலையும் செய்யும். அப்பா, ஒரு பேப்பர் குடுங்க. வரைஞ்சு காட்டினாத்தான் புரியும்."

குறிப்பேட்டைக் கொடுத்தேன். புதுப் பக்கத்தைப் புரட்டி ஒரு வட்டம் போட்டாள். கோணல் வட்டம். முப்பது வருஷம் வரைவாளராக இருந்தவனுக்கு அதைவிட நல்ல வட்டத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை.

விழுந்த நாளும் அதற்கு முந்தைய சில நாட்களும் இன்றுவரை அவளுக்குத் திரும்பவில்லை. அன்று அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

நர்ஸ் வந்து ஒரு மணி ஆகிவிட்டது என்று கையைக் காட்டினார். பிறகு கட்டிலைப் பார்த்தார். கையை இறக்கிவிட்டு, பேசாமல் அடுத்த வரிசைக்குப் போனார்.

நான் தாழ்வாரத்துக்கு வந்து சாந்தியை அழைத்தேன். மணி அடிக்கும் முன்பே எடுத்தாள். உள்ளே கயல் இன்னும் வாதாடுவது கேட்டது, அதையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

"என்ன ஆச்சு? ஏங்க, என்ன ஆச்சு சொல்லுங்க!"

"சண்டை போடுறா" என்றேன்.

"யாரோட?"

"ஒரு தோட்டத்து அம்மாவோட."

மறுமுனையில் அவள் அழுவது கேட்டது. மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்: "யாரு ஜெயிச்சா?"

போனைக் காதிலிருந்து எடுத்து, வாட்டின் கதவை நோக்கிப் பிடித்தேன்.